பனையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது?

க.பொ.த. சாதாரண தரத்துக்குக் கணிதம் படித்த எல்லோருக்கும் இந்தக் கணக்கு அறிமுகமானது. பனையொன்றின் அடியிலிருந்து 20 மீற்றர் தூரத்தில் நிற்கும் ஒருவருக்கு அதன் உச்சியின் ஏற்றக்கோணம் 45 பாகை. பனையின் உயரம் என்ன? தான்சன் 45 பாகையின் பெறுமானம் 1. ஆகவே உயரம் 20 மீற்றர். இரண்டு வரியில் வேலை முடிந்துவிடும்.

பல ஆண்டுகளாக இதைக் கரும்பலகையில் செய்துகாட்டி வந்திருக்கிறேன். வகுப்பறை யன்னலுக்கு வெளியே பனைகள் நின்றுகொண்டுதான் இருந்தன. ஒருநாள் பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சேர், ஏன் 20 மீற்றரில் போய் நிற்க வேண்டும்? ஐந்து மீற்றரில் நின்று பார்த்தால் என்ன?" எங்கே நின்றாலும் உயரம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. தாளில் எங்கே நின்றாலும் ஒன்றுதான். வளவில் அப்படி இல்லை.

வளவில் கோணத்தை நாம்தான் அளக்க வேண்டும். பாகைமானியின் நடுவில் நூல் கட்டி, நுனியில் சிறு கல்லொன்றைத் தொங்கவிட்டால் கோணம் பார்க்கும் கருவி தயார். காற்றில் நூல் ஆடும், கை நடுங்கும், கவனமாகப் பார்த்தாலும் ஒரு பாகை கூடவோ குறையவோ வாசித்துவிடுவோம். அந்த ஒரு பாகைப் பிழை உயரத்தில் எவ்வளவு பிழையாக வந்து சேர்கிறது? கணிப்பானில் போட்டுப் பாருங்கள். 20 மீற்றரில் நின்று 45 பாகைக்குப் பதிலாக 46 என்று வாசித்தால் உயரம் 20.7 மீற்றர் என்று வரும். 44 என்று வாசித்தால் 19.3. பிழை சுமார் 70 சென்ரிமீற்றர். இனி அதே பனையை நெருங்கி, 5.36 மீற்றரில் நில்லுங்கள். உண்மைக் கோணம் 75 பாகை. அதை 76 என்று வாசித்தால் உயரம் ஏறத்தாழ 21.5 மீற்றர்! அதே கை, அதே கருவி, அதே ஒரு பாகை. பிழை மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. மிகத் தூரம் போய் 15 பாகையில் பார்த்தாலும் இதே கதைதான்.

உயர்தரத்தில் வகையீடு படிப்பவர்கள் இதை ஒரே வரியில் காட்டலாம். உயரத்தின் பிழையை உயரத்தால் வகுத்தால் கிடைப்பது, கோணப் பிழையின் இருமடங்கை சைன் 2θ ஆல் வகுத்த பெறுமானம். (θ என்பது ஏற்றக்கோணம்; கோணப் பிழையை ஆரையனில் எழுத வேண்டும்.) சைன் 2θ மிகப் பெரிதாவது θ = 45 பாகையில். ஆகவே பனை எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்தில் நிற்பதுதான் நல்லது. உயரம் தெரியாமல் அந்தத் தூரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தயங்க வேண்டாம். கருவி 45 பாகை காட்டும்வரை பின்பக்கமாக நடந்துகொண்டே போனால் போதும். பிறகு அடிவரை நாடா பிடித்து அளந்து, கண்மட்டத்தின் உயரத்தைக் கூட்டிவிடலாம்.

கணித ஆய்வுச் செயற்றிட்டம் என்றால் என்ன என்று கேட்கும் பெற்றோருக்கும் மாணவருக்கும் நான் இப்போது இந்தப் பனையைத்தான் காட்டுகிறேன். பயிற்சிக் கணக்கில் கேள்வியை வேறொருவர் தயாரித்துவிட்டார். தேவையான எண்களையும் கொடுத்துவிட்டார். விடை எங்கோ அச்சாகி இருக்கிறது. ஆய்வில் கேள்வி உங்களுடையது. எந்த எண் தேவை என்று தீர்மானிப்பதும் அதை அளந்து பெறுவதும் உங்கள் வேலை. கிடைத்த விடை எவ்வளவு நம்பத்தக்கது என்று சொல்லவேண்டிய பொறுப்பும் உங்களுக்கே. கணிதம் இரண்டிலும் ஒன்றுதான்: அதே முக்கோணி, அதே தான்சன்.

பனைக் கணக்கு 45 பாகையோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தூரத்தை அளக்கும் நாடாவிலும் பிழை உண்டு. நாடா 10 சென்ரிமீற்றர் பிசகினால், 20 மீற்றரில் நிற்பவருக்கு உயரம் 10 சென்ரிமீற்றர் பிசகும்; 5.36 மீற்றரில் நிற்பவருக்கு 37 சென்ரிமீற்றர். அப்படியானால் இரண்டு பிழைகளையும் சேர்த்துப் பார்த்தால் 45 பாகைக்குச் சற்றுக் குறைவான கோணம், அதாவது இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்பது, நல்லதாகுமா? எவ்வளவு தள்ளி? சாய்ந்து வளர்ந்த பனைக்கு என்ன செய்வது? இவற்றுக்கு விடை தேடும் மாணவர் ஆய்வுக்குள் வந்துவிட்டார். சரிபார்க்கவும் வழியுண்டு. சீவல் தொழிலாளி மரம் ஏறும்போது, ஐயா, இந்த நூலின் நுனியை மேலே கொண்டுபோய்த் தொங்கவிட்டுத் தர முடியுமா என்று கேட்டால் மறுக்கமாட்டார். கணித்த உயரமும் நூல் சொல்லும் உயரமும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்படும் அந்தத் தருணத்தைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

உலகத்தில் உள்ள ஒன்றைக் கணக்காக மாற்றும்போது நாம் பலவற்றை விட்டுவிடுகிறோம். நிலம் மட்டமானது, பனை நிமிர்ந்து நிற்கிறது, உச்சி ஒரு புள்ளி என்றெல்லாம் எடுத்துக்கொள்கிறோம். இப்படிச் சுருக்கி எடுத்த வடிவத்துக்கு மாதிரியுரு என்று பெயர். எடுத்துக்கொண்டவை எடுகோள்கள். பாடசாலைக் கணக்குகளில் எடுகோள்கள் வாசலிலேயே ஒளிந்துகொள்ளும். ஆய்வில் அவற்றை வெளியே இழுத்துவந்து, ஒவ்வொன்றாக எழுதிவைக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தட்டையான நிலத்தில் "நிலம் மட்டமானது" என்ற எடுகோள் பெரும்பாலும் தாங்கும், மலைநாட்டில் தாங்காது.

எங்கள் குடாநாட்டுக்கென்றே அமைந்தது போன்ற மாதிரியுரு ஒன்று இருக்கிறது. அது கிணற்றைப் பற்றியது.

இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். ஆனால் மூன்று பக்கமும் கடல், நிலத்துக்குள் ஊடுருவிய கடனீரேரிகள் வேறு. அப்படியிருந்தும் கிணற்றில் நல்ல தண்ணீர் எப்படி நிற்கிறது? நன்னீர் உவர்நீரை விடப் பாரம் குறைந்தது. நிலத்துக்கடியில் உவர்நீரின்மேல் நன்னீர் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை ஊரே அறியும்.

இந்த வில்லை எவ்வளவு தடிப்பு? 1880களின் இறுதியில் ஒல்லாந்தப் பொறியியலாளர் படோன் கைபென் என்பவரும், 1901 இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே இதைக் கணக்கிட்டார்கள். கணக்கு பத்தாம் ஆண்டு மாணவருக்கு எட்டக்கூடியது. ஒரு கனமீற்றர் நன்னீரின் திணிவு 1,000 கிலோகிராம். கடல்நீரின் திணிவு ஏறத்தாழ 1,025. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே h மீற்றரும் கீழே z மீற்றரும் நிற்கிறது என்க. அடியில், நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் இடத்தில், இரு பக்க அமுக்கங்களும் சமன். ஆகவே 1000 (h + z) = 1025 z. சுருக்கினால் z = 40 h.

நாற்பது மடங்கு! கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே அரை மீற்றர் நின்றால், கீழே 20 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர். இதை நான் முதன்முதலில் கணக்கிட்டபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. ஆனால் அதே சமன்பாட்டை மறுபக்கம் திருப்பிப் படித்தால் மனம் கலங்கும். அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்து, அப்படியே நிலைத்துவிட்டால், அடியிலிருந்து உவர்நீர் 4 மீற்றர் மேலே ஏறும். மேலே ஒரு சாண்கூட இல்லை. கீழே இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு இளைப்பாற நேரம் கிடைத்தது. மின்மோட்டார் மணிக்கணக்கில் இறைக்கும்போது என்ன நடக்கிறது என்பது, கோடையில் கரிக்கத் தொடங்கும் கரையோரக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தச் சமன்பாட்டை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டால் அது செயற்றிட்டம் ஆகாது. எடுகோள்களைக் கேள்வி கேட்க வேண்டும். நீர் அசையாமல் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டோம்; உண்மையில் அது கடலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. நன்னீருக்கும் உவருக்கும் இடையே கத்தியால் வெட்டியது போன்ற எல்லை இருப்பதாக எடுத்துக்கொண்டோம். உண்மையில் இரண்டும் கலந்த இடைப்படை ஒன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாறை எங்கும் ஒரே சீரானது என்று எடுத்துக்கொண்டோம். எங்கள் சுண்ணக்கல்லோ வெடிப்புகளும் குகைகளும் நிறைந்தது. அடுத்தடுத்த வளவுகளில் ஒரு கிணறு நன்னீராகவும் மற்றது உவராகவும் இருப்பதை இந்த 40 மடங்கு விதியால் மட்டும் விளக்க முடியாது. விதி எங்கே பொய்க்கிறது என்று கண்டு எழுதும் பிள்ளையின் வேலைதான் எனக்கு மிகப் பெறுமதியானதாகத் தெரிகிறது.

அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கடல்மட்டத்திலிருந்து உங்கள் கிணற்றுக்கட்டு எவ்வளவு உயரம் என்பது இலகுவில் தெரியாது. அதற்காகக் கைவிட வேண்டாம். உயரத்தை விட்டுவிட்டு மாற்றத்தை மட்டும் கேளுங்கள்: நீர்மட்டம் வாரத்துக்கு வாரம் எவ்வளவு மாறுகிறது, உவர்த்தன்மை அதோடு சேர்ந்து மாறுகிறதா? இப்போது கடல்மட்டமே தேவையில்லை. பாரம் கட்டிய கயிறு ஒன்றும், பாடசாலை ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்றுக் கொண்டு குளோரைட்டை அளக்கும் வழியும் போதும். கேள்வியை இப்படி அளக்கக்கூடிய அளவுக்குச் சுருக்குவது ஆய்வின் பாதி வேலை. "யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர்" என்ற தலைப்போடு வரும் மாணவரை நான் திருப்பி அனுப்புவேன். "எங்கள் வீட்டுக் கிணறு, 30 வாரங்கள்" என்று வருபவரை உட்காரச் சொல்வேன்.

கிணற்றிலிருந்து கரைக்கு வருவோம். குடாநாட்டின் கரையோரம் எத்தனை கிலோமீற்றர்? புத்தகத்தில் பார்த்து எழுதிவிடலாம் என்று தோன்றும். நீங்களே அளந்து பாருங்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை எடுத்து, கவராயத்தை 4 சென்ரிமீற்றர் அகலத்துக்குத் திறந்து, கரை வழியே அடிமேல் அடி வைத்து எண்ணுங்கள். ஓரடி 2 கிலோமீற்றர். பிறகு அகலத்தை 2 சென்ரிமீற்றராக்கி எண்ணுங்கள்; பிறகு 1. ஒவ்வொரு முறையும் கரை நீண்டுகொண்டே போகும். பெரிய அடி தாண்டிச்செல்லும் சிறு வளைவுகளுக்குள் சின்ன அடி புகுந்து வருவதுதான் காரணம்.

இதை விரிவாக அளந்து பதிந்தவர் லூயிஸ் ஃபிறை றிச்சட்சன் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் காயப்பட்டவர்களை ஏற்றிச்செல்லும் வண்டி ஓட்டியவர், போரை வெறுத்தவர். நாடுகளுக்கிடையே போர் ஏன் மூள்கிறது என்பதைக் கணிதத்தால் அறிய முடியுமா என்று வாழ்நாளெல்லாம் தேடினார். எல்லையின் நீளத்துக்கும் போருக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கப் புறப்பட்டபோது, ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் இடையிலான எல்லை ஓரிடத்தில் 987 கிலோமீற்றர் என்றும் இன்னோரிடத்தில் 1,214 கிலோமீற்றர் என்றும் இருந்ததைக் கண்டார். போரைப் பார்த்த மண்ணில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த மனிதரின் கதையைச் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தைத் தொடங்குவதில்லை. அவர் இறந்த பிறகு, 1961 இல், அந்த ஆய்வு வெளியானது. 1967 இல் கணிதவியலாளர் மண்டல்புரோட் அதை எடுத்து, பின்னப் பரிமாணம் (முழு எண்ணாக இருக்கத் தேவையில்லாத பரிமாணம்) என்ற கருத்தோடு இணைத்தார்.

செய்யவேண்டியது இதுதான். அடியின் நீளத்தினதும் மொத்த நீளத்தினதும் மடக்கைகளை எடுத்து வரைபு கீறுங்கள். புள்ளிகள் ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் விழும். கோடு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு நெளிவு கரையில் உண்டு. அந்தச் சரிவின் பருமனோடு 1 ஐக் கூட்டினால் கிடைப்பது கரையின் பரிமாணம். பிரித்தானியாவின் மேற்குக் கரைக்கு 1.25 என்றும், ஒப்புரவான தென்னாபிரிக்கக் கரைக்கு 1.02 என்றும் வந்தது. காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை வரையான கரைக்கு ஒரு வரைபும், பண்ணையிலிருந்து அராலி வழியாகக் காரைநகர்ப் பக்கம் போகும் கரைக்கு இன்னொன்றும் கீறுங்கள். எது பெரிதாக வரும் என்று அளக்கும் முன்பே எழுதிவையுங்கள். பிறகு எழுதினால் அது ஊகம் ஆகாது. மடக்கை வாய்ப்பாட்டைப் பரீட்சைக்காக மட்டும் புரட்டியவர்களுக்கு, மடக்கை எதற்கு என்ற கேள்வி இந்த ஒரு வரைபோடு தீர்ந்துவிடும்.

டெங்கு பற்றிச் செய்ய விரும்பும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். வடகீழ்ப் பருவமழை முடியும் காலத்தில் இங்கே காய்ச்சல் பெருகுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். நோய் பரவுவதைக் கணிதத்தால் ஆராயும் துறையின் முன்னோடி ரொனால்ட் றோஸ். நுளம்பு வழியே மலேரியா பரவுவதைக் காட்டி 1902 இல் நோபெல் பரிசு பெற்றவர். எல்லா நுளம்புகளையும் ஒழிக்க முடியாதே, பிறகு எதற்கு இந்த முயற்சி என்று கேட்டவர்களுக்கு அவர் கணிதத்தால் விடை சொன்னார்: எல்லாவற்றையும் ஒழிக்கத் தேவையில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தால் நோய் தானாகவே அடங்கும். அந்த எல்லையை விளங்கிக்கொள்ளப் பெருக்கல் விருத்தி போதும். 100 நோயாளரில் ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாக 1.2 பேருக்குத் தொற்றினால் 100, 120, 144, 173, 207 என்று நான்கே சுற்றில் இரட்டிப்பாகும். அதையே 0.8 ஆகக் குறைத்துவிட்டால் 100, 80, 64, 51 என்று தேய்ந்து, முதல் 100 பேரையும் சேர்த்து மொத்தமே 500 பேரோடு நின்றுவிடும். சிரட்டையிலும் பழைய ரயரிலும் தேங்கும் நீரை ஊற்றிவிடச் சொல்வது 1.2 ஐ 0.8 ஆக்கும் வேலை. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராந்த எண்ணிக்கைகளை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. அவற்றை மழைவீழ்ச்சியோடு வைத்துப் பார்க்கலாம். நோயாளரின் பெயரோ முகவரியோ தேடிப் போகக்கூடாது. அந்த விடயத்தில் நான் கண்டிப்பானவன்.

வரிசையில் நிற்பதிலும் கணிதம் இருக்கிறது. குறிகட்டுவான் துறைமுகத்தில் நயினாதீவுப் படகுக்கு மக்கள் காத்திருக்கிறார்கள். ஒரு நிமிடத்துக்குச் சராசரியாக 2 பேர் வந்து சேர்கிறார்கள். எப்போது எண்ணினாலும் சராசரியாக 30 பேர் நிற்கிறார்கள். ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் நேரம் 15 நிமிடம், 30 ஐ 2 ஆல் வகுத்தால் ஆயிற்று. ஒருவரிடமும் போய்க் கேட்கத் தேவையில்லை. 1961 இல் ஜோன் லிற்றில் என்பவர் நிறுவிய விதி இது. வரிசை நாள் முழுவதும் நீண்டுகொண்டே போகாமல் ஓரளவு நிலையாக இருக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. திருவிழா நாளில் அது தாங்குமா என்று பார்ப்பது நல்லதொரு சிறு செயற்றிட்டம்.

எல்லாச் செயற்றிட்டமும் கிணற்றுக்கோ நோய்க்கோ உதவ வேண்டும் என்று நான் வற்புறுத்துவதில்லை. கையிலிருக்கும் சமன்பாட்டை அது போகாத இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதும் ஆய்வுதான். எங்கள் சமூகத்திலிருந்து கேம்பிரிட்ஜ் சென்று பௌதிகவியலாளர் டிராக்கிடம் பயின்ற சி. ஜே. எலியேசர், தம் ஆசிரியரின் இலத்திரன் இயக்கச் சமன்பாட்டை ஐதரசன் அணுவில் பொருத்திப் பார்த்தார். புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் ஈர்க்கப்படும் இலத்திரன் அதில் போய் மோத வேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். மோதாமல் திரும்பிவிடும் என்று சமன்பாடு சொல்வதை 1943 இல் அவர் காட்டினார். ஆசிரியரின் சமன்பாட்டிடம் அவர் புதிய கேள்வி ஒன்றைக் கேட்டிருந்தார்.

தொடங்குபவர்களுக்கு ஒரு சொல். அளவுகளுக்கென்று தனிக் கொப்பி வையுங்கள், பேனையால் எழுதுங்கள், பிழையென்று தோன்றும் அளவை அழிக்காமல் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள். ஒரே அளவை மூன்று முறை எடுங்கள். மூன்றும் ஒன்றாக வராது. அந்த வித்தியாசம்தான் உங்கள் பிழையின் அளவு. எதிர்பார்த்த விடை வராதபோது எண்களைத் திருத்தும் ஆசை வரும், குறிப்பாகப் போட்டிக்கு அனுப்பும்போது. வராத விடையை அப்படியே எழுதி, ஏன் வரவில்லை என்று ஒரு பக்கம் எழுதியவர்களுக்கு நான் எப்போதும் கூடுதல் புள்ளி கொடுத்திருக்கிறேன்.

கிணற்றை எடுத்துக்கொள்பவர்கள் தையில் தொடங்க வேண்டும். மாரிமழை ஓய்ந்து நீர்மட்டம் உச்சத்தில் நிற்கும் காலம் அது. அங்கிருந்து ஆவணி, புரட்டாதி வரை இறங்குவதை முழுமையாகப் பிடிக்கலாம். கயிற்றில் ஒவ்வொரு 5 சென்ரிமீற்றருக்கும் ஒரு நிற நூல் கட்டுங்கள். கிணற்றுக்கட்டில் ஓரிடத்தில் சுண்ணாம்பால் அடையாளமிட்டு, எப்போதும் அங்கிருந்தே இறக்குங்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். முதல் அளவைப் பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில், பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போடுமுன் எடுத்துவிடுங்கள்.